கல்யாணமானவர் அணியில் ஒரு கோல்கீப்பர்

பாசோ சாவுசே,
ஜனவரி, புதன்கிழமை

என்றும் என் மரியாதைக்குரிய தெல்மிரா அக்காவுக்கு,

உங்கள் தம்பி ஆதெமாரின் வீட்டில் நெடுங்காலம் குடித்தனக்காரனாக இருந்து, போன அக்டோபரில் சட்டப்படி அவனுக்குக் கணவனாகவும் உங்களுக்கு மைத்துனனாகவும் பதவி உயர்வு பெற்ற எலியோ எழுதுவது. இங்கே நான் நலம். நாய் நலம். பீச் மரம் இந்த வருஷம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்துத் தள்ளிவிட்டது. பஸ் டிரைவரிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்புகிறேன். அடியில் இருப்பது நசுங்கியிருந்தால் ஜாம் கிளறிக்கொள்ளுங்கள். மான்டெவிடியோவின் கடல்காற்றில் உங்கள் மூட்டுவலி கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். ஆதெமாரும் நலம் என்று இதோடு ஒரு வரி சேர்த்து எழுதி முடித்திருக்கலாம். அந்த ஒரு வரியை எழுத முடியாததால்தான் கடிதம் இத்தனை நீளம்.

அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. நீதிபதியின் அறை வாசலில் கை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தீங்க, தலை நரைச்சப்புறம் எதுக்கு இந்தக் கல்யாணம்? சட்டம் வந்தா வந்துட்டுப் போகட்டுமே" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு அதே அரிசியை எங்கள் தலையில் போட்டு அழவும் செய்தீர்கள். அந்த அரிசியில் நாலைந்து இன்னும் என் கோட்டுப் பையில் கிடக்கிறது. கையை விடும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும். உங்கள் கேள்வியும் தட்டுப்படும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் உதாரணம் என்னை விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் ஊரில் ஒரு சாவு என்றால், வாத்தியார் வகையறா என்றால் நான் போவேன், சைக்கிள் கடை, பந்து வகையறா என்றால் அவன் போவான். மற்றவன் வீட்டில் மத்தியானத் தூக்கம் தூங்குவான். இப்போது தம்பதி அல்லவா! "ஏன் தனியா வந்தீங்க, அவர் எங்க?" என்று இறந்தவரின் மனைவியே அழுகையை நிறுத்திக் கேட்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து போகாத துக்கம் இந்த ஊரில் கிடையாது. ஆதெமார் சொல்கிறான், "வாத்தியாரே, தேனிலவுன்னு சொன்னாங்களே, அது இதுதானா?" என்று.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது டாக்டர் விஷயம். முன்பு உங்கள் தம்பியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, குடும்பமா?" என்பார். "குடித்தனக்காரர்" என்பேன். "அப்ப வெளியே உட்காருங்க." உட்காருவேன். அங்கே ஒரு பழைய பத்திரிகை கிடக்கும், அட்டையில் ஏதோ நடிகையின் கல்யாணம். அந்தக் கல்யாணம் முறிந்து அவள் அடுத்த கல்யாணமும் பண்ணிக்கொண்டாள், பத்திரிகை மட்டும் மாறவில்லை. கதவு திறந்து ஆதெமார் வருவான். "ஒண்ணுமில்ல, வயசு" என்பான். நம்புவேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு உரிமை எதுவும் அங்கே இல்லை.

நவம்பரில் போனபோது அதே நர்ஸ், "கணவர்தானே? உள்ள வாங்க" என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. பெருமையோடு உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது. டாக்டர் யார் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண். கழித்தல் கணக்கு என்றாலே மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். இப்போது அவள் ஆதெமாரிடமிருந்து எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். உப்பு, சிகரெட், கொழுப்புக் கறி, ஓட்டம்.

"சார், இவர் இதயம் ரொம்ப நாளா தாளம் தப்பித்தான் அடிக்குது. ஓடாதீங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டே இருக்கேன். உங்ககிட்ட சொல்லலையா?"

நான் ஆதெமாரைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். நான் வெளியே அந்த நடிகையின் கல்யாணத்தைப் புரட்டிக்கொண்டிருந்த போதெல்லாம் உள்ளே நடந்தது இதுதான். "ஒண்ணுமில்ல, வயசு" என்பதற்கு அர்த்தம் இதுதான். "இனிமே பொறுப்பு உங்களுதுதான் சார், நீங்கதானே அவர் குடும்பம்" என்றாள் அந்தப் பெண். வெளியே வந்ததும் உங்கள் தம்பி என்னிடம் கேட்டான்: "சட்டம் கேட்டியே, இப்ப சந்தோஷமா?"

சரி, இப்போது பந்தாட்டத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நம் கிளப்பில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் நடக்கிற ஆட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகாதவர்களுக்கு வெள்ளைச் சட்டை, ஆனவர்களுக்குக் கறுப்பு. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்குத் தணலில் விலா எலும்பு வாட்டிப் போட்டு, தட்டும் கழுவ வேண்டும். நானும் ஆதெமாரும் முடி கறுத்திருந்த காலத்திலிருந்து வெள்ளைச் சட்டை. வேறு எந்தச் சட்டையை எங்களுக்குக் கொடுப்பார்கள்? அவன் முன்வரிசை, கேப்டன். நான் கோல்கீப்பர். கூட ஆடிய பையன்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கறுப்புக்குப் போனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்து வெள்ளைக்கு வந்தார்கள், நாங்கள் இருவரும் கோல் கம்பம் மாதிரி அங்கேயே நின்றோம். "எப்ப சார் கல்யாணச் சாப்பாடு?" என்று வருஷம் தவறாமல் ஒருவன் கேட்பான். அவனுக்கும் பதில் தெரியும். எனக்கும் தெரியும். சிரித்துக்கொள்வோம்.

மைதானத்து ஓரம் யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறதே, அதில் மனைவிமார் உட்காருவார்கள். கிளப் தலைவர் துல்சியோவின் மனைவி நில்டாதான் அந்தப் பெஞ்சுக்கு ராணி. கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் விழுந்தால் போதும், பெஞ்சில் ஒருத்தி எழுந்து நிற்பாள். "எலும்பு முறிஞ்சா ஒண்ணும் என்கிட்ட வராதே!" என்று கத்துவாள். ஆனால் எழுந்து நிற்பாள். வெள்ளை கோல்கீப்பர் விழுந்தால் நில்டா உட்கார்ந்தபடியே, "எழுந்திருங்க வாத்தியாரே, வெறும் மணல்தானே" என்பார். உங்கள் அம்மா இருந்த வரையில் என் கோலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, மகனைத் திட்டிக்கொண்டே எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். குடித்தனக்காரனுக்கு அதுவே அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

டிசம்பரில் கிளப் கூட்டம் கூடியது. துல்சியோ, கசாப்புக்கடைக்காரர், கறுப்புக்கும் அவர்தான் கேப்டன், மேஜையைத் தட்டினார்.

"நீதிபதி சொல்லியாச்சு. சட்டம்னா சட்டம். வாத்தியாரும் ஆதெமாரும் இனிமே எங்க ஆளுங்க."

வெள்ளை அணியின் ப்ரூனோ துள்ளி எழுந்தான். "அதெப்படி? நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து அவர்தான் எங்க கீப்பர்! நீங்க தோத்துத் தோத்து, கடைசியில பார்லிமென்ட்ல சட்டம் போட்டு எங்க ஆளைத் தூக்கறீங்க!"

"கல்யாணம் பண்ணிக்கிட்டா நேரா இந்தப் பக்கம்தான்டா. நாளைக்கு உனக்கும் இதே கதிதான்."

"அதுக்குப் பயந்துதான் நான் பண்ணிக்கல!"

மூன்று தடவை விவாகரத்தான தபால்காரர் பின்வரிசையிலிருந்து, "நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிட்டுப் போயிட்டு வந்தவன். ரெண்டு சட்டையும் பீரோவுல இருக்கு. பழகிடும் வாத்தியாரே" என்று ஆறுதல் சொன்னார்.

ப்ரூனோ கடைசியில் இறங்கி வந்தான். "சரி, கீப்பரை எடுத்துக்குங்க. ஆதெமாரை எங்களுக்கு விட்டுடுங்க."

"அட முட்டாப்பயலே, கல்யாணம்ங்கறது ரெண்டு பேருக்கும் சேர்த்து நடக்கிறது. ஒருத்தருக்கு மட்டும் ஆச்சு, இன்னொருத்தருக்கு ஆகலைன்னா எப்படிடா?" என்றார் துல்சியோ.

அக்கா, அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரைக் கட்டிப்பிடித்திருப்பேன். அவர் அறியாமல் சொன்னது. எங்களுக்கு யாரும் அதுவரை சொல்லாதது. ஆனால் அதற்குள் உங்கள் தம்பி எழுந்துவிட்டான். நெஞ்சில் கையை வைத்தான். எழுந்தால் சும்மா பேசுவானா? "எவன் எந்தச் சட்டம் போட்டாலும் சரி, நான் வெள்ளைச் சட்டையிலதான் ஆடுவேன், வெள்ளைச் சட்டையிலேயே செத்துப்போவேன்!" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். "அதைத்தான் டாக்டரும் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. துல்சியோ திரும்பினார். "என்ன வாத்தியாரே, என்ன சொன்னீங்க?" பொறுப்பு உங்களுடையது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாளே, பொறுப்புள்ள கணவனாக நான் முழுவதையும் சொன்னேன். தாளம், ஓட்டம், உப்பு எல்லாம். சொல்லச் சொல்ல உங்கள் தம்பியின் முகம், ஊர் முழுக்கப் பார்க்க ஒருவன் சட்டையைக் கழற்றினால் எப்படி இருக்கும், அப்படி ஆனது. ப்ரூனோ ஓடிப்போய் அவனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தான். கேப்டனுக்கு நாற்காலி! மறுநாள் நில்டா உப்பில்லாத சூப்போடு வந்துவிட்டார். உங்கள் தம்பி அந்தப் பாத்திரத்தை நாய்க்கு வைத்தான். நாயும் குடிக்கவில்லை.

ஆட்டத்தன்று நான் கறுப்புச் சட்டையில் கோலில் நின்றேன். ஆதெமாரை நில்டா கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பெஞ்சில், தன் பக்கத்தில் உட்காரவைத்தார். வெயிலில் வெந்துகொண்டு, மனைவிமாருக்கு நடுவில், மடியில் யாரோ ஒருத்தியின் கைப்பையோடு உட்கார்ந்திருந்தான். முதல் பாதி நன்றாகத்தான் போனது. பிறகு என் கைக்குப் பந்து வந்தது. அதே சமயம் ஆதெமாருக்குப் பழக்கதோஷம், இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துவிட்டான். வலப்பக்கம் தான் தனியாக நிற்கும்போது பந்து கேட்டு அவன் அடிக்கிற அதே விசில். அந்த விசிலைக் கேட்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. வலப்பக்கம் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. வீசினேன். அச்சுப்பிசகாமல் ப்ரூனோவின் காலில் போய் விழுந்தது.

"ரொம்ப நன்றி சார்!" என்று சொல்லிவிட்டு கோல் அடித்தான். நன்றி சொல்லப் பழக்கியதே நான்தான்.

இரண்டாவது தடவையும் அதேதான். விசில் இல்லாமலே வீசினேன். மூன்றாவது தடவை, பொறு எலியோ, நீ கல்யாணமானவன், கறுப்பு, கறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி, கறுப்புச் சட்டையைத் தேடிக் கண்டுபிடித்து வீசினேன். என்னிடமிருந்து பந்து வரும் என்று வாழ்நாளில் எதிர்பார்த்திராத துல்சியோ முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பந்தையும் ப்ரூனோதான் எடுத்தான். தோற்றோம். தட்டு கழுவும்போது துல்சியோ சொன்னார்: "வாத்தியாரே, உங்களுக்குக் கல்யாணம் ஆனது நீதிபதிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். உங்க கைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லல."

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. இரண்டாம் பாதியில் ஒரு பந்துக்குப் பாய்ந்து விழுந்தேன். முட்டி மடங்கி எழ முடியாமல் கிடந்து தலையைத் தூக்கினால், யூகலிப்டஸ் மரத்தடியில் ஒருவன் எழுந்து நிற்கிறான். கைப்பை கீழே விழுந்து கிடக்கிறது. "கெழவா, எலும்பை முறிச்சுக்கிட்டு என்கிட்ட வராதே!" என்று கத்துகிறான். நில்டா அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். "உட்காருங்க, உங்களுக்கு ஆகாது, அவர் எழுந்துப்பார்."

அக்கா, எத்தனை தடவை அந்த மைதானத்தில் விழுந்திருக்கிறேன். அவன் என்னோடுதான் ஆடிக்கொண்டிருப்பான். ஓடிவருவான், கேப்டனாக, எல்லாருக்கும் செய்வதுபோலத் தோளில் ஒரு தட்டு தட்டுவான், ஓடிவிடுவான். அதற்கு மேல் ஒரு விநாடி நின்றால் ஊர் பார்க்கும். எனக்காக அந்தப் பெஞ்சில் ஒருவன் எழுந்து நின்று என்னைத் திட்ட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுகூட அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முப்பத்தைந்து வயதில் கிடைத்திருந்தால் இன்னும் நாலு பந்து கூடுதலாகப் பிடித்திருப்பேன். எனக்கு விழ முட்டி இல்லாத, அவனுக்கு எழ இதயம் ஒத்துழைக்காத வயதில் வந்து சேர்ந்தது.

இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஒரு வருஷம் அலுவலகத் தவறால் ஒரு சிறுமியை வேறு வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். மார்ச்சில் பள்ளி திறந்து, ஜூன் மாதம்தான் கண்டுபிடித்து, "இதுதான் உன் வகுப்பு" என்று என் வகுப்புக்குக் கூட்டிவந்தார்கள். வந்து அழுதாள். "உன் இடம் கிடைச்சிடுச்சே, ஏன் அழறே?" என்றேன். "எல்லாரும் முன்னாடியே சேர்ந்து படிச்சுட்டாங்க சார்" என்றாள். அன்று அவளுக்கு ஒரு பென்சிலைக் கொடுத்துச் சமாளித்தேன். இன்று அவள் எதிரே வந்தால் மன்னிப்பு கேட்பேன்.

ஆட்டம் முடிந்த நாளிலிருந்து உங்கள் தம்பி என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது இதுதான்: "குடித்தனக்காரனா இருந்தப்ப வாயைத் திறக்காம இருந்தே. புருஷன் ஆனதும் என்னை ஊருக்கே நோயாளி ஆக்கிட்டே. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க நான் வெறும் தம்பி." பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டான். நாளை வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும், போகமாட்டேன் என்று நாயிடம் சொல்கிறான்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவின் பழைய மாத்தே தேநீர்க் குடுவையைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி, தனக்கென்று இலை போட்டு, தனி ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றித் தனியாகக் குடிக்கிறான். குடித்தனக்காரனாக இருந்த காலமெல்லாம் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், அவன் ஒரு முறை, நான் ஒரு முறை. சட்டப்படி கணவனானதும் மேஜையில் இரண்டு குடுவை. இதற்கு மேல் நான் என்ன எழுத?

ஆகவே அக்கா, அவன் அங்கே வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க ஓட விடாதீர்கள். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்பான், நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கல்யாணத்தைக் கலைத்தால்தான் அவன் மனம் ஆறும் என்றால் நானே நீதிபதியிடம் போய், ஐயா, தவறுதலாக வகுப்பு மாற்றிவிட்டீர்கள், எங்களைப் பழைய இடத்திலேயே உட்காரவையுங்கள் என்று கேட்டுவிடுகிறேன். மருத்துவமனையில் கதவுக்கு வெளியே உட்காருவது எனக்குப் புதிதல்ல. அந்தப் பத்திரிகையும் அங்கேயே இருக்கிறது.

உங்கள் மூட்டுகளுக்கு வெயிலும், உங்கள் ஜன்னலுக்குக் காற்றும், உங்கள் பூனைக்கு மீனும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

இப்போதைக்கு உங்கள் மைத்துனன்,
எலியோ

பின்குறிப்பு: வியாழன் மாலை. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். காலையில் ஆதெமார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். இறங்கி நடந்தான். நானும் கூடவே மெதுவாக நடந்தேன். மருத்துவமனையில் நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டார், அவன் உள்ளே போனான். நான் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, பழைய பத்திரிகையை எடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. உடனே திறந்தது. உங்கள் தம்பி தலையை மட்டும் நீட்டினான்.

"இன்னும் எதுக்கு வாத்தியாரே குடித்தனக்காரன் மாதிரி வெளியே உட்கார்ந்திருக்கே? உள்ள வா. அந்தப் பொண்ணு சொல்றதுல பாதி எனக்குக் காதுல ஏறல."

வீட்டுக்கு வந்து கட்டில்மேல் இருந்த பெட்டியை இறக்கி வைக்கலாம் என்று முட்டியை நினைத்துப் பலமாகப் பிடித்துத் தூக்கினேன். நான்தான் பின்னால் சாய்ந்தேன். காலிப் பெட்டி. அத்தனை நாளும் காலிதான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவன் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டு, "அனுப்பு, பீச் வீணாயிடும். ஆனா நான் 'கெழவா'ன்னு கத்தல, அதைவிட மோசமாத்தான் கத்தினேன்" என்றான். டிசம்பர் ஆட்டத்துக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். பெஞ்சில் இடம் இருக்கிறது. அரிசி வேண்டாம், இவன் விசில் அடிக்காமல் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்தான் வேண்டும்.

இதை எழுதும்போது மேஜைமேல் ஒரே ஒரு குடுவைதான் இருக்கிறது. என் முறை. ஆறுகிறது என்கிறான். நிறுத்துகிறேன்.